ஆடும் படிக்கு ஓர் அறிவிப்பு

உலகில் எழுதப்பட்டவற்றைவிட எழுதப்படாமல் காக்கப்பட்டவையே மேலானவை. அந்த மேன்மைக்காக நகராட்சிக் கட்டடப் பிரிவின் துணை அதிகாரியைப் போல உழைத்தவர் எவருமில்லை.

கடைத்தொகுதியின் மாடிப்படி ஆட்டம் கண்டிருந்தது. மாடியில் கடை வைத்திருந்த தையல்காரர் நேரில் வந்து சொன்னார்.

“சார், கால் வெச்சாலே நடுங்குது. ஒரு போர்டாவது மாட்டுங்க.”

“மாட்டிடலாம். வாசகம் மட்டும் எழுதணும்,” என்றார் அதிகாரி கம்பீரமாக.

அங்கேதான் ‘படைப்புச் சிக்கல்’ வந்தது. ‘இதனால் அறிவிப்பது’ என்று தொடங்கினார். எதனால் என்று அவருக்கே சந்தேகம். அடித்தார். ‘அன்பார்ந்த பொதுமக்களே’ என்றார். அன்பு அவருடைய அதிகார வரம்புக்குள் வராது. அதையும் அடித்தார். வெள்ளைத் தாளைப் பார்த்தாலே நெஞ்சு படபடத்தது.

வீட்டில் மனைவி எட்டிப் பார்த்தாள். “படி ஆடுது, ஏறாதீங்க. இவ்வளவுதானே?”

“எடுத்த எடுப்புல விஷயத்துக்கு வந்துட்டா, அப்புறம் ஆபீஸ் எதுக்குடி?”

மேலிடம் அவரைத் ‘தொடக்கத் தயக்க நீக்கப் பயிற்சி’க்கு அனுப்பியது. கண்ணை மூடிக்கொண்டு வெள்ளைத் தாளோடு சிநேகமாகும்படி சொன்னார் பயிற்சியாளர். அதிகாரி சிநேகமானார், தூங்கியும் போனார்.

திரும்பியதும் ‘முதல் வரிக் குழு’ கூடியது.

“‘எச்சரிக்கை’ன்னு ஆரம்பிச்சா ஜனங்க பயந்துடுவாங்க சார்,” என்றார் கணக்கர்.

“‘மகிழ்ச்சி’ன்னு ஆரம்பிக்கலாமே?” என்றார் பொறியாளர்.

‘மகிழ்ச்சியுடன் தெரிவிப்பது’ என்பது ஒருமனதாக நிறைவேறியது. என்னத்தைத் தெரிவிப்பது என்பது அடுத்த கூட்டத்துக்கு ஒத்திவைக்கப்பட்டது.

இதற்குள் தையல்காரர் மறுபடி வந்து நின்றார். “கைப்பிடியும் கழண்டுடுச்சு சார். நானே சாக்பீஸால செவுத்துல எழுதிடட்டுமா?”

“ஐயையோ! பொதுச் சுவர்ல கிறுக்கினா குற்றம்யா!”

சட்டத்துக்குக் கட்டுப்பட்டவர் தையல்காரர், எழுதவில்லை. தைக்கக் கொடுத்தவர்கள் காத்திருந்தார்கள்; ஏறாமலும் இருக்க முடியவில்லை.

அடுத்த கூட்டத்தில் காப்பி வந்துகொண்டிருந்தபோது படி விழுந்தது. கூடவே தையல்காரரும். கால் எலும்பு முறிந்தது. மாலைக்குள் விளக்கம் வேண்டுமென்றது மேலிடம்.

அப்போதுதான் அந்த அற்புதம் நிகழ்ந்தது. பயிற்சியாளர் இல்லை, குழு இல்லை, படபடப்பு இல்லை. அதிகாரி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். பேனா தாளைத் தொட்டதுதான் தாமதம், அடித்தல் திருத்தல் இல்லாமல் முதல் வரி வந்து விழுந்தது:

‘படி ஆடுவதை நன்கு அறிந்திருந்தும் தையல்காரர் அதில் ஏறியதே இவ்விபத்துக்குக் காரணம்.’