லியோன்யாவுக்குக் காவல்

'டமார்' என்று சமையலறையில் தகரத்தொட்டி உருண்டது. அர்காதி ஓடினான். மூன்று மாதப் பேரனை இடுக்கிக்கொண்டு அவன் அம்மா அக்ராபேனா அசட்டுச் சிரிப்புச் சிரித்தாள்.

"லியோன்யாவைக் குளிப்பாட்டலாம்னுதான்டா..."

"குளிப்பாட்ட எதுக்கும்மா மெழுகுவத்தி?"

"திடீர்னு கரண்டு போயிட்டா?"

"திரைக்குப் பின்னால நிக்கிற தாடிக்காரர்?"

"கரண்டு ரிப்பேர் பாக்கிறவர்!"

பாதிரியார் பின்வாசல் வழியாக நழுவினார். அர்காதி பின்கதவைத் தாழிட்டான். திங்கட்கிழமை அவனை மாவட்ட நாத்திகப் பிரச்சாரச் செயலாளர் ஆக்கப் போகிறார்கள். பிள்ளைக்கு ஞானஸ்நானம் என்று வெளியே தெரிந்தால் பதவியும் போகும், கம்யூனிஸ்ட் கட்சி அட்டையும் போகும்.

"உனக்கு ஞானஸ்நானம் பண்ணினப்போ உங்கப்பனும் இப்படித்தான் குதிச்சான்" என்றாள் அம்மா.

அன்றே அவளை ரியஸானில் இருக்கும் அக்கா வீட்டுக்கு ரயிலேற்றினான். மனைவி நீனாவுக்கு நூற்பாலை வேலை. அதனால் மாமியாரை வரவழைத்தான். தொழிற்சங்கத்தில் பதக்கம் வாங்கியவர், நம்பலாம்.

மறுநாளே அவரைப் பஸ் நிறுத்தத்தில் பிடித்தான், குழந்தையோடு.

"எங்க கிளம்பிட்டீங்க?"

"சும்மா காத்து வாங்க, மாப்பிள்ளை."

"தேவாலயம் இருக்கிற ஊர் பஸ்லயா?"

"அங்கதான் காத்து நல்லா வரும்."

அவரும் ரயிலேறினார். வீட்டிலேயே இருந்து குழந்தையைக் காத்ததில் அர்காதிக்கு இரண்டு கூட்டம் தவறியது. மூன்றாவது கூட்டத்துக்கு லியோன்யாவையும் தூக்கிக்கொண்டு போனான். 'கடவுள் இல்லை' என்று அவன் ஆரம்பித்ததும் பிள்ளை வீறிட்டது. கூட்டம் சிரித்தது.

மாவட்டக் குழுத் தலைவி ஸினயீதா பாவ்லவ்னா முன்வரிசையில் இருந்தார். நாத்திகப் பிரசுரம் எழுதியே பெயர் வாங்கியவர். அவர் எழுந்துவந்தபோது, பதவி போயே போச்சு என்று நினைத்தான்.

"இப்படிக் கொடுப்பா. நானும் பேத்தி எடுத்தவதான். சனிக்கிழமை முழுக்க என்கிட்ட இருக்கட்டும், நீ நிம்மதியா உரையைத் தயார் பண்ணு."

உலகத்திலேயே பத்திரமான இடம்! அர்காதி அன்று வயிறாரச் சாப்பிட்டான்.

சனிக்கிழமை மாலை தலைவியின் ஓட்டுநர் ஃபோமிச் குழந்தையைக் கொண்டுவந்தார். லியோன்யா சமர்த்தாகத் தூங்கினான். நெற்றியில் எண்ணெய் பளபளத்தது. உச்சியில் ஒரு கொத்து முடி கத்தரிக்கப்பட்டிருந்தது. கழுத்தில் நூலில் கோத்த குட்டிச் சிலுவை.

"எங்கம்மா அங்கயும் வந்துட்டாளா?" என்று அலறினான் அர்காதி. "தலைவிக்குத் தெரிஞ்சா என் கதி?"

ஃபோமிச் தொப்பியைச் சரிசெய்துகொண்டார்.

"மெதுவா, தோழர், பிள்ளை முழிச்சுக்கும். மாவட்டக் குழு ஆளுங்க வீட்டுப் பிள்ளைங்க எல்லாத்துக்கும் ஞானஸ்நானத்துல தலைவியம்மாதான் ஞானத்தாய். உங்க வீட்லதான் ரொம்ப இழுத்தடிச்சிட்டீங்க!"