தாள் குதிரைக்குக் கண்ணீர் விடுகிறவர்

குதிரைக்காக அழுகிறவர்கள் என்று ஓர் இனம் உண்டு. குதிரை தாளில் இருக்க வேண்டும் என்பது மட்டுமே அவர்களுடைய நிபந்தனை. உங்கள் ஊரில் எப்படியோ, எங்கள் ஆம்ஸ்டர்டாமில் குளிர்காலம் வந்தால் போதும், படம் பார்க்கும் கூட்டம் எதில் நுழைந்தாலும் ஒருவராவது அகப்படுவார்.

எங்கள் சங்கத்துக்கு வாய்த்தவர் புகையிலை வியாபாரி ஹாவர்காட்டே. செப்புத் தகட்டில் கீறி அச்செடுத்த படங்களை மேசையைச் சுற்றிக் கைமாற்றிப் பார்ப்பது எங்கள் வழக்கம். ஏர் உழும் குதிரை, வாய்க்கால் கரையில் படகிழுக்கும் குதிரை, மணலில் மீன்படகை இழுத்தேற்றும் குதிரை என்று எது வந்தாலும் அவர் கையோடு நின்றுவிடும். கண்ணாடியைத் துடைப்பார், பெருமூச்சு விடுவார், விலா எலும்புகளை விரலால் தடவுவார், படத்துக்குக் காத்திருக்கும் அடுத்த ஆள் கையை நீட்டியபடியே இருப்பார். கொழுத்த குதிரையா? பார்க்காமலே தள்ளிவிடுவார். படம் கீறும் லுபெர்ட்டிடம் ஒருமுறை, "நல்லாத்தான் இருக்கு தம்பி, இன்னும் கொஞ்சம் பட்டினி போட்டிருக்கலாம்" என்றார்.

போன சனிக்கிழமை மாலை பனிமழை. அவர் அமர்த்தியிருந்த வாடகை வண்டிக்காரன் பாரெண்ட் தொப்பியைக் கழற்றிக்கொண்டு உள்ளே வந்தான்.

"ஐயா, வெளியில குதிரை வெடவெடன்னு நடுங்குது. பக்கத்து லாயத்துல கட்டிட்டு வரட்டுங்களா?"

"சும்மா இருப்பா. இங்க ஒரு குதிரை சாகக் கிடக்குது" என்றார் ஹாவர்காட்டே, படத்திலிருந்து கண்ணை எடுக்காமல்.

அந்தப் படத்தையே வாங்கிக்கொண்டு கிளம்பினார். என் வீடும் அந்தப் பக்கம்தான் என்பதால் நானும் தொற்றிக்கொண்டேன். எங்கள் பாலங்கள் கூன் விழுந்தவை. வழுக்கும் நாளில் வண்டியை விட்டு இறங்கி நடந்து பாலமேறுவது இந்த ஊரில் குடிகாரனுக்கும் தெரிந்த மரியாதை.

"இறங்குங்கய்யா, பாலம் முழுக்கப் பனி உறைஞ்சு கிடக்கு."

"எப்படிப்பா இறங்குறது? படம் நனைஞ்சிருமே."

நான் இறங்கினேன். குதிரைக்காக என்று நினைத்துவிடாதீர்கள். வண்டி கவிழ்ந்தால் முறிவது என் எலும்பல்லவா?

பாலத்தின் உச்சியில் குதிரையின் முன்னங்கால் வழுக்கியது. மடிந்து விழுந்தது. பாரெண்ட் அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டான்.

"ஒரு கை குடுங்கய்யா. இது போச்சுன்னா எம் பொழப்பே போச்சு."

ஹாவர்காட்டே இப்போது இறங்கினார். வண்டி விளக்கைக் கழற்றி உயர்த்திப் பிடித்து, ஏறி இறங்கும் விலாவைப் பார்த்தார், மூக்கிலிருந்து வரும் ஆவியைப் பார்த்தார். சத்தியமாக அவர் கண் கலங்கியது.

"அவசரப்பட்டுத் தூக்கிடாதப்பா" என்றார். "லுபெர்ட்டைக் கூட்டிட்டு வந்திடறேன். அதுவரைக்கும் இப்படியே இருக்கட்டும்."

சிரிக்கிறீர்கள். நன்றாகச் சிரியுங்கள், சிரிக்கத்தானே எழுதினேன். ஆனால் குதிரை எழுந்ததா என்று உங்களில் ஒருவர்கூட என்னைக் கேட்கவில்லையே?