மாமியார் லோடு

இந்தத் தடவை மாமியாரை வேளாங்கண்ணிக்குக் காரில் கூட்டிப்போவதில்லை. முடிவு பண்ணிவிட்டேன். பெண்டாட்டி ஆன்சியிடம் சொல்வது மட்டும்தான் பாக்கி.

என் மாமியார் சிலுவையம்மாள் தங்கமானவள். முட்டி ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தால் மாதாவுக்குத் தன் உயரத்துக்கு மெழுகுவர்த்தி ஏற்றுவதாக நேர்ந்துகொண்டவள். ஆனால் முன் சீட்டில் உட்கார்ந்துகொண்டு, ஜபமாலைக்கு நடுவே மணிக்கு நூறு தடவை "மெதுவா போ மருமவனே" என்பாள். யாரை? ஹார்பரில் நாற்பது டன் கன்டெய்னரை அந்தரத்தில் ஆட்டுகிற கிரேன் ஆபரேட்டர் கஸ்பாரை!

ரெண்டு தடவை கிளம்பினோம். மாதா படம் ஓரமாகவும், கைகூப்பிய என் படம் பெரிதாகவும் போட்ட ஃப்ளெக்ஸைக் காரின் முன்னால் இழுத்துக் கட்டிக்கொண்டு ஜம்மென்றுதான் கிளம்பினோம். ரெண்டு தடவையும் மரக்காணம் தாண்டுவதற்குள் எஞ்சின் சூடு காட்டுகிற முள் சிவப்புக்குப் போய், பானெட்டிலிருந்து ஆவி. எங்கள் கல்மண்டபம் ஏரியாவுக்குள் சுற்றினால் ஒன்றும் ஆகாது. லாங் போனால்தான் கொதிக்கிறது. மெக்கானிக் மனோகரன் கூலன்ட் மாற்றினார், தெர்மோஸ்டாட் மாற்றினார், ரேடியேட்டரைக் கழுவினார். கடைசியில் தலையைச் சொறிந்தார். அந்தச் சொறியலில்தான் எனக்கு யோசனை பிறந்தது.

"மனோகரனே சொல்லிட்டாரு ஆன்சி. லோடு ஜாஸ்தியாம். ஒரு ஆளக் கொறைச்சா சரியாப்பூடும்."

"எந்த ஆள?"

"நான் பேரு சொல்லலியே."

ஆன்சி தினமும் விடியற்காலையில் காசிமேட்டிலிருந்து குட்டியானை வண்டியில் மீன் லோடு அடிக்கிறவள். அவளிடம் போய் லோடு பற்றிப் பேசியிருக்கக் கூடாது. பேசிவிட்டேன்.

"ஊருக்குள்ள போசொல்லோவும் எங்கம்மா முன் சீட்லதான் கீது. அப்போ ஹீட் ஆவலியே? லாங் போசொல்லோ மட்டும் வண்டில புச்சா இன்னா கீது?"

"பக்தி" என்றேன், எகத்தாளமாக.

அவள் சிரிக்கவில்லை. பரண்மேல் இருந்த ஃப்ளெக்ஸையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

ஞாயிற்றுக்கிழமை நான் தூங்கிக்கொண்டிருந்தபோது, அம்மாவை முன் சீட்டில் ஏற்றிக்கொண்டு ஆந்திர எல்லையிலுள்ள தடா வரை போய்த் திரும்பியிருக்கிறாள். முள் பாதியைத் தாண்டவில்லை. பிறகு ஃப்ளெக்ஸைக் கட்டிக்கொண்டு அதே ரோட்டில் போயிருக்கிறாள். பாதி வழியிலேயே ஆவி.

மடித்த ஃப்ளெக்ஸை என் மடியில் போட்டாள்.

"ரேடியேட்டருக்குக் காத்து பூர்ற வழி அது. அத்த உன் மூஞ்சி அடைச்சிக்கினு கீது."

எனக்கு வெட்கமாகத்தான் இருந்தது. இருந்தாலும் பெண்டாட்டி கெட்டிக்காரி என்று உள்ளுக்குள் பெருமை பொங்கியது. அதைச் சொல்லவும் சொன்னேன். "சரி சரி" என்றாள்.

கிளம்புகிற நாள் பையோடு இறங்கி வந்தேன். ஸ்டியரிங்கில் ஆன்சி. முன் சீட்டில் மாமியார். பின் சீட்டை மடக்கி, ஆளுயர மெழுகுவர்த்தி காலை நீட்டிப் படுத்திருந்தது.

"நான் எங்க குந்துறது?"

"மனோகரன் அண்ணனே சொல்லிட்டாரே, லோடு ஜாஸ்தின்னு. ஒரு ஆளக் கொறைச்சிட்டேன்."

பஸ் டிக்கெட்டையும், இன்னும் சூடாறாத வஞ்சிரம் வறுவல் பொட்டலத்தையும் கையில் கொடுத்தாள். ஃப்ளெக்ஸையும் கொடுத்தாள். பஸ்ஸுக்கு முன்னால் கட்டித் தொலைக்காதே என்று ஒரு எச்சரிக்கை வேறு.

கார் நகர்ந்தது. மாமியார் ஜன்னலில் தலையை நீட்டி, பாசமாகக் கையாட்டினாள்.

"மெதுவா போ மருமவனே."