கிட்டாரை முகர்ந்து பார்த்தவன்

ஒரு பொருளைப் பற்றி நிறையத் தெரிந்துகொண்டால் அது பாதி நம்முடையதாகிவிட்ட மாதிரி ஒரு நினைப்பு வரும். எனக்கு அந்த நினைப்பு பல வருடங்கள் இருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், ரமணாசிரமத்துக்குப் பின்னால் இருக்கிற ஒரு வீட்டுக் கூடத்தில் அது போனது.

கல்லூரியில் சேர்ந்த வருடம், எங்கள் அடி அண்ணாமலை மாரியம்மன் திருவிழாவுக்கு வந்த மெல்லிசைக் குழுவில் ஒருவர் சிவப்பு எலெக்ட்ரிக் கிட்டார் வைத்திருந்தார். ஊரே பாடகரைப் பார்த்தது. நான் அவர் கையைப் பார்த்தேன். கடலை பயிரிட்டு என்னைப் படிக்கவைத்த அப்பாவிடம் கிட்டார் கேட்க எனக்கு வாய் வரவில்லை. அப்புறம் அரசாங்க வேலை வந்தது, கல்யாணம் வந்தது, மகள் வந்தாள். கிட்டார் வரவில்லை.

ஆனால் செல்போன் வந்தது. ஆபீஸில் சாப்பாட்டு நேரத்தில் தயிர்சாதத்தைப் பிசைந்துகொண்டே பழைய கிட்டார்களைப் பற்றிய வீடியோ பார்ப்பேன். எந்தக் காலத்துத் திருகாணி எப்படி இருக்கும், வார்னிஷ் எப்படி வெடிக்கும், தந்தி ஓசையை மின்சாரமாக்குகிற பிக்கப்பை மாற்றியிருந்தால் எப்படிக் கண்டுபிடிப்பது, எல்லாம் அத்துப்படி. (பக்கத்து சீட்டுக்காரர் நான் துறைத் தேர்வுக்குப் படிக்கிறேன் என்று நினைத்து மரியாதை கொடுத்தார்.)

அப்படி இருக்கும்போதுதான் செங்கம் ரோட்டில் ஒரு காபிக் கடைச் சுவரில் அந்தத் துண்டுத்தாளைப் பார்த்தேன். பழைய எலெக்ட்ரிக் கிட்டார், அறுபதுகளில் செய்தது, விற்பனைக்கு. கீழே ஒரு போன் நம்பர். எனக்குக் காபி இறங்கவில்லை.

ஞாயிறு காலை ஒரு பையில் டார்ச், பூதக்கண்ணாடி, ஸ்க்ரூ டிரைவர், துடைக்கிற துணி எல்லாம் எடுத்துக்கொண்டேன். என் மனைவி கலை ஸ்கூட்டரில் பின்னால் ஏறிக்கொண்டாள்.

"நீ எதுக்கு?"

"உங்கள யாராவது ஏமாத்துனா கூட ஒரு ஆள் இருக்கணும்ல."

கதவைத் திறந்தவர் மார்த்தா என்ற ஜெர்மன்காரப் பெண்மணி. எழுபது வயதிருக்கும். வீட்டு வேலைக்கு வருகிற அக்காவிடம் தமிழ் கற்றதால் எங்கள் ஊர்ப் பேச்சைத்தான் பேசினார். கணவர் இறந்துவிட்டார், ஊரில் தங்கையோடு போய் இருக்கப்போகிறேன், கிட்டார் அவருடையது என்றார். பெட்டியைத் திறந்தார்.

தேன் நிறத்தில் இருந்தது. கை தானாக நீண்டது. ஆனால் உணர்ச்சியைக் காட்டினால் ஏமாற்றிவிடுவார்கள் என்று வீடியோவில் சொல்லியிருந்தார்கள். ஆகவே முகத்தை ஆடிட்டர் மாதிரி வைத்துக்கொண்டு குனிந்தேன். முதலில் முகர்ந்து பார்த்தேன். (பழைய வார்னிஷுக்கு ஒரு இனிப்பு வாசனை உண்டு.) ஒரு கண்ணை மூடிக்கொண்டு கழுத்து வளைந்திருக்கிறதா என்று பார்த்தேன். பின்பக்கத்தைத் தட்டினேன். டார்ச் அடித்து ஒவ்வொரு திருகாணியாகப் பார்த்தேன்.

"இன்னாங்க, மாடு வாங்கறாப்ல பாக்கறீங்க," என்றாள் கலை. "பல்ல புடிச்சிப் பாத்தீங்களா?"

நான் அதைக் காதில் வாங்காமல் தீர்ப்புச் சொல்லத் தொடங்கினேன். "பழசுதாங்க, சந்தேகமில்ல. ஆனா இந்த ஒரு பிக்கப் அப்புறமா மாத்துனது. அதனால வெல கொஞ்சம் கம்மிதான். அப்புறம் இங்க பாருங்க, மேல் ஓரத்துல பெயிண்ட் ஜாஸ்தியா தேஞ்சிருக்கு."

"அங்கதான் அவரு கை வெச்சிக்குவாரு," என்றார் மார்த்தா.

அந்த இடத்தில் ஒரு மனிதன் வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும். நான், "தேஞ்சா மதிப்பு குறையுங்க," என்றேன். கலை என் காலை மிதித்தாள்.

மார்த்தா போய் ஸ்பீக்கர் பெட்டியின் ஸ்விட்சைப் போட்டு, வயரைக் கிட்டாரில் சொருகி, என் கையில் கொடுத்தார். "வாசிங்க. அவரு போனப்புறம் இந்தச் சத்தமே கேக்கல. வர்றவங்கல்லாம் பாக்கறாங்க, போறாங்க. யாரும் வாசிக்கல."

அப்போதுதான் உறைத்தது. எனக்கு வாசிக்கத் தெரியாது. அது வரைக்கும் எந்தக் கிட்டாரையும் நான் கையில் பிடித்ததுகூட இல்லை.

"கொஞ்ச நாளா டச்சு விட்டுப்போச்சுங்க," என்றேன்.

"எப்ப இருந்துச்சு?" என்று கலை நிஜமான ஆச்சரியத்தோடு கேட்டாள்.

வேறு வழியில்லாமல் எல்லாத் தந்திகளையும் சேர்த்து ஓங்கி ஒரு இழுப்பு இழுத்தேன். வந்த சத்தத்தில் ஜன்னல் அதிர்ந்தது. குறைக்கலாம் என்று ஒரு குமிழைத் திருகினேன். ஏறிவிட்டது. பெட்டி வீல் என்று கத்த ஆரம்பித்தது. மதில்மேல் இருந்த மயில் அதே சுருதியில் பதில் அகவியது. தெரு நாய்கள் சேர்ந்துகொண்டன. நான் பதறிப் பின்னால் நகர்ந்தேன், வயரில் கால் மாட்டி, கிட்டாரைக் கைக்குழந்தை மாதிரி தலைக்குமேல் தூக்கிப் பிடித்தபடியே பிரம்பு நாற்காலியில் விழுந்தேன். நாற்காலி உடைந்தது. எதிர் வீட்டில் தியானத்தில் இருந்த ஒருவர் வாசலுக்கு வந்து, கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போனார்.

கலைதான் ஸ்விட்சை அணைத்தாள்.

மார்த்தா கண்ணில் நீர் வரச் சிரித்தார். அப்புறம் சிரிப்பு நின்ற பிறகும் கண்ணைத் துடைத்துக்கொண்டே இருந்தார். நான் தரையில் உட்கார்ந்தபடியே கிட்டாரை நீட்டினேன்.

"தம்பி, உங்களுக்கு இது மேல ரொம்ப ஆசை. தெரியுது," என்றார். "ஆனா உங்களுக்குத் தரமாட்டேன். வாசிக்கறவங்க கிட்டதான் இது இருக்கணும்."

எனக்குக் கோபம் வரவில்லை. அவர் இடத்தில் இருந்தால் நானும் எனக்குத் தந்திருக்கமாட்டேன்.

இரண்டு வாரம் கழித்து அவரே போன் செய்தார். பாண்டிச்சேரியிலிருந்து ஒரு பையன் வாங்கிக்கொள்கிறான், வந்து கேளுங்கள் என்றார். போனோம். அந்தப் பையன் எதையும் முகரவில்லை, தட்டவில்லை. உட்கார்ந்தான், கண்ணை மூடினான், மெதுவாக ஏதோ வாசித்தான். மார்த்தா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். கார் வரைக்கும் கிட்டார் பெட்டியை நான் தூக்கிப்போகட்டுமா என்று கேட்டேன். சரி என்றார்கள். கேட்டைத் தாண்டியதும் கார். எனக்கு இன்னும் கொஞ்சம் தூரம் இருந்திருக்கலாம் என்று இருந்தது.

திரும்பும்போது கலை என் தோளில் கை வைத்து, "கத்துக்கறதுக்குப் பழசு எதுக்குங்க? புதுசே போதும்," என்றாள்.

இப்போது ஒரு புதுக் கிட்டார் வாங்கி, மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளோடு உட்கார்ந்து கற்றுக்கொள்கிறேன். (அவர்கள் எனக்கு முன்னால் போய்விட்டார்கள்.) சொந்தக்காரர் கல்யாணத்தில் பாட்டுக் கச்சேரி தொடங்கினால் போதும், என் மச்சினன் பந்தி வரைக்கும் கேட்கிற மாதிரி சொல்லுவான்: "மாமா, நீங்களும் மேல போங்க. மயிலுங்க வெயிட் பண்ணுது." கலைதான் முதலில் சிரிப்பாள். நானும் சிரிப்பேன். ஆனால் கண்ணை மட்டும் மேடையிலிருந்து எடுக்க முடிவதில்லை. கிட்டார்காரர் இடது கையை எங்கே வைக்கிறார் என்று பார்த்துக்கொண்டிருப்பேன்.