பதினாறு புள்ளியும் ஒரு புள்ளியும்

மதிப்பிற்குரிய தலைமை நடுவர் அவர்களுக்கும், அதே நாற்காலியில் அமர்ந்திருக்கும் என் தாய்மாமாவுக்கும்,

வணக்கம். இங்கு நானும் அம்மாவும் நலம். இடது முழங்கால் மட்டும் தோல் வழன்று கிடக்கிறது. அது தனிக்கதை, எழுதும்படி ஒன்றுமில்லை. உங்கள் நலத்தையும் அத்தையின் நலத்தையும் அறிய ஆவல். விதிப்புத்தகமும் சௌக்கியமாக இருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை பைக் பந்தயத்தைப் பற்றி மேல்முறையீடு செய்ய நாளை மாலைவரை அவகாசம் இருக்கிறது. இது அந்த மேல்முறையீடு. படிவத்தில் ‘காரணம்’ என்ற இடத்தில் இரண்டே வரிதான் விட்டிருக்கிறீர்கள். எனவே கடிதம்.

கோபத்தில் எழுதவில்லை. கோபம் திங்கட்கிழமையே தீர்ந்துவிட்டது.

பதினெட்டுச் சுற்றுப் பந்தயம். மூன்றில் இரண்டு பங்கு, அதாவது பன்னிரண்டு சுற்று முடிந்தபின் நிறுத்தினால் ஓடியவரை முடிவு. அதற்கு முன் நிறுத்தினால் மிச்சச் சுற்றுகளுக்கு எல்லோரும் மறுபடி வரிசையில் நின்று புறப்பட வேண்டும். நான் பன்னிரண்டாவது சுற்றை முடித்து, இரண்டாவதாக வந்த முப்பத்தேழாம் எண்காரனைவிடப் பதினொரு விநாடி முன்னால், சேர்ந்து போக ஆளில்லாமல் போய்க்கொண்டிருந்தபோது, நான்காம் வளைவில் நின்ற கொடிக்காரர் தரையில் கறுப்பாக ஏதோ கிடப்பதைப் பார்த்து, யாருடைய எஞ்சினோ உடைந்து விழுந்துவிட்டது, எண்ணெய் கொட்டியிருக்கும் என்று வயர்லெஸ்ஸில் அலற, நீங்கள் சிவப்புக் கொடி காட்டச் சொல்ல, எல்லோரும் வேகம் குறைத்துத் திரும்பிவர, கடைசியில் எண்ணெயும் இல்லை எஞ்சினும் இல்லை, உள்ளங்கையளவு பிளாஸ்டிக் துண்டு ஒன்று, பூதம் கிளம்பும் என்று பார்த்தால் அதுதான் கிளம்பியது. சரி, பன்னிரண்டு முடித்தாயிற்று, ஜெயித்தாயிற்று என்று கையுறையைக் கழற்றப் போனால், முதலில் போகிறவன் முடித்தால் போதாது, அவனோடு அதே சுற்றில் ஓடும் அத்தனை பேரும் முடித்திருக்க வேண்டும், கடைசி ஆள் கோட்டுக்கு இருநூறு மீட்டர் இப்பால் இருந்தான், ஆகவே பதினொரு சுற்றுதான் செல்லும் என்றீர்கள்.

இருநூறு மீட்டர். அவனை நான் பார்த்ததுகூட இல்லை.

என் டயரைப் பதினெட்டுச் சுற்றுக்கும் வருமாறு பார்த்துப் பார்த்து ஓட்டியிருந்தேன். முப்பத்தேழு தன் டயரை விடுதிச் சோப்பு மாதிரி தேய்த்துக் கரைத்திருந்தான். இடைவெளியில் புது டயர் போட்டுக்கொள்ளலாம் என்றது விதி. சிக்கனக்காரனையும் ஊதாரியையும் ஒரே கோட்டில் நிறுத்தி, இருவருக்கும் புதுசு கொடுத்தீர்கள். ஏழு சுற்று. இடப்பக்க வளைவு ஒவ்வொன்றிலும் தரையில் உரசிய முழங்கால் எரிந்தது. வெயிலில் தரை சூடேறியிருக்கிறது என்று நினைத்தேன். மூன்றாவதாக வந்தேன்.

முதலிடத்துக்கு இருபத்தைந்து புள்ளி. மூன்றாமிடத்துக்குப் பதினாறு. அந்த ஒன்பது புள்ளியில் என் அடுத்த வருடம் முழுவதும் இருக்கிறது. பட்டியலில் முதலில் நிற்பவனுக்குத்தான் பெரிய குழுவில் இடம் என்பது உங்களுக்குத் தெரியும். அந்தப் பட்டியலை அடிப்பதே உங்கள் அலுவலகம்தான்.

உங்கள் அறைக்கு வந்தேன். நினைவிருக்கும்.

“மாமா, இது அழுகுணி ஆட்டம்.”

“இந்த ரூம்ல நான் உனக்கு மாமா இல்ல. தலைமை நடுவர்.”

“சரிங்க ஐயா. இது அழுகுணி ஆட்டம்.”

நீங்கள் சிரிக்கவில்லை. மேசைமேல் இருந்த எதையோ செய்தித்தாளால் மூடினீர்கள். “எல்லாத்தையும் நோண்டாதடா. மூணாவது வந்தே இல்ல? வாயை மூடிட்டு வீட்டுக்குப் போ” என்றீர்கள். ஒரு தலைமை நடுவர் போட்டியாளரை ‘டா’ போடலாமா என்பதையும் மேல்முறையீட்டில் சேர்த்துக்கொள்ளவும்.

அம்மா உங்களோடு பேசுவதில்லை என்று முடிவெடுத்திருக்கிறாள். என்னிடம் பேசுகிறாள், உங்களைப் பற்றி, நாள் முழுவதும்.

“சின்ன வயசுலயே அவன் இப்படித்தான். தோக்கப்போறான்னு தெரிஞ்சா கேரம் போர்டைக் கவுத்துட்டு முதல்லேர்ந்து ஆடலாம்பான். அவன் பென்சில் டப்பா, பல்லு தேய்க்கிற பிரஷ், எல்லாத்துக்கும் நெயில்பாலிஷால செவப்புப் புள்ளி வச்சவ நான். இல்லேன்னா என்னோடதைத் தூக்கிட்டுப் போயிடுவான். அவன் என் பிள்ளைக்குப் புள்ளி குறைக்கிறானா?”

அந்தப் புள்ளிப் பழக்கம் அம்மாவுக்கு இன்னும் போகவில்லை. என் ஹெல்மெட்டில் ஒன்று இருக்கிறது. சார்ஜரில் ஒன்று. என்னைத்தான் இன்னும் விட்டுவைத்திருக்கிறாள்.

என் வாதம் சிறியது. ஆபத்து என்றால் நிறுத்துங்கள். மனிதர்கள் எலும்போடு வீடு திரும்ப வேண்டும். ஆனால் நிறுத்துவது வேறு, அழிப்பது வேறு. இரண்டு பகுதி நேரத்தையும் கூட்டிப் பாருங்கள். என் பதினொரு விநாடியை என்னிடமே விடுங்கள். ஓடிய சுற்று ஓடியதுதான். அதை யாரும் ஓடாததாக்க முடியாது.

அத்தைக்கு என் வணக்கம். உங்கள் குட்டி மகளுக்கு என் முத்தம். கொடிக்காரருக்கு நல்ல மூக்குக்கண்ணாடி அமைய என் வாழ்த்து. நீதி உங்கள் கையில் நீடூழி இருக்கட்டும்.

இப்படிக்கு,
உங்கள் மருமகன்,
போட்டியாளர் எண் பதினான்கு.

பின்குறிப்பு: உறையை ஒட்டப்போகும்போது அம்மா பந்தய உடையைக் கையில் தூக்கிக்கொண்டு வந்தாள்.

“இடது முழங்கால்ல இருந்த வில்லை எங்கடா?”

வளைவில் சாயும்போது தரையில் உரச, முழங்காலுக்கு ஒன்றாக ஒட்டிக்கொள்ளும் பிளாஸ்டிக் வில்லை. கறுப்பு. உள்ளங்கையளவு.

“அழுக்கா இருந்துச்சேன்னு சனிக்கிழமைதான் ரெண்டையும் கழட்டி, ஒட்டுற பட்டையைச் சுடுதண்ணியில ஊறவச்சு, பிரஷ் போட்டுத் தேச்சு ஒட்டிவச்சேன். புள்ளிகூட வச்சேனே.”

“எங்க வச்ச?”

“உள்பக்கம்.”

செய்தித்தாளுக்கு அடியில் இருந்தது என்ன என்று இப்போது தெரிகிறது. அக்காவின் புள்ளியை உங்களைவிட யாருக்குத் தெரியும். விதிப்புத்தகத்தையும் பார்த்துவிட்டேன்: நிறுத்தத்துக்குக் காரணமானவன் மறுபடி புறப்படக் கூடாது. அப்படியானால் முதலிடமும் இல்லை, மூன்றாமிடமும் இல்லை.

ஒன்றே ஒன்று கேட்க வேண்டும். அதை எப்போது பார்த்தீர்கள்? மறுபடி புறப்படும் முன்பா, பின்பா? முன்பு என்றால் அழுகுணி நீங்கள். பின்பு என்றால் நீங்கள் அக்காவுக்காக மறைத்த வெறும் தம்பி. எப்படியானாலும் இந்தக் கடிதத்தை நான் கிழித்துப்போட்டால் அழுகுணி நான்தான். ஓடியது ஓடியதுதான் என்று மேலே என் கையெழுத்திலேயே இருக்கிறது. அனுப்புகிறேன்.

பதினாறு புள்ளியையும் எடுத்துக்கொள்ளுங்கள். அந்த ஒரு புள்ளியை மட்டும் மறக்காமல் அனுப்பிவிடுங்கள். ஜோடியைக் காணோம் என்று அம்மா வீட்டைத் தலைகீழாகப் புரட்டிக்கொண்டிருக்கிறாள்.