தட்டில் வைப்பதா, டம்ளரில் ஊற்றுவதா

கோட்டூர்புரத்தில் இருந்த நிலத்தடிப் பொருள்கள் இயக்ககத்தில், பூமிக்குள் இருப்பவை எல்லாம் இரண்டே வகை. திடம் அல்லது திரவம். படிவத்தில் அப்படித்தான் இரண்டு கட்டம் போட்டிருந்தது. பூமிக்கு அந்தப் படிவத்தின் நகல் அனுப்பப்பட்டதா என்பது தெரியவில்லை.

திருவல்லிக்கேணி குல்ஷன் 1994 செப்டம்பரில் அந்தப் படிவத்திடம் மாட்டிக்கொண்டாள். எரிமலைகளைப் பற்றி ஐந்து வருஷமாக ஆராய்ச்சி செய்கிறவள். ஆனால் ஓர் எரிமலையைக்கூடக் கண்ணால் பார்த்ததில்லை. அந்தமான் பக்கத்தில் ஒரு தீவு எரிமலை, நூற்றுச் சொச்ச வருஷம் தூங்கிவிட்டு மூன்று வருஷத்துக்கு முன்னால் விழித்துக்கொண்டிருந்தது. அங்கே போகும் குழுவில் அவளுக்கும் ஓர் இடம் கிடைத்திருந்தது. கப்பல் அக்டோபர் ஏழாம் தேதி, வெள்ளிக்கிழமை. அதற்குள் இயக்ககத்தின் அனுமதி வராவிட்டால் அவள் இடத்தில் வேறொருவர் போவார்.

"எரிமலைக்கு அடியிலே இருக்கறது திடமா, திரவமா?" என்று கேட்டார் கண்காணிப்பாளர் ராகவேந்திரன். மயிலாப்பூர்க்காரர், நல்ல மனுஷர். இருபத்தாறு வருஷ சர்வீசில் ஒரு கட்டத்தைக்கூடக் காலியாக விட்டதில்லை.

"ரெண்டும் சார். நெருப்பு ஏரி மாதிரி இருக்கும்னு எல்லாரும் நினைக்கிறாங்க. அப்படி இல்லை. முக்கால்வாசி படிகங்கள்தான், ஒண்ணோட ஒண்ணு நெருக்கியடிச்சுக்கிட்டு இருக்கும். இடுக்குல மட்டும் கொஞ்சம் பாறைக்குழம்பு. ஆயிரக்கணக்கான வருஷம் அசையாது. அடியிலேருந்து புதுசா சூடு ஏறினாத்தான் இளகி மேலே வரும்."

"திடம்னா கனிமப் பிரிவு. திரவம்னா நீர்ப் பிரிவு. ரெண்டும்னா ஃபைலை எங்கே அனுப்பறது, நீங்களே சொல்லுங்கோ?"

குல்ஷனுக்கு அழுகை முட்டியது. கேன்டீன்காரர் வெள்ளைத்துரை வெண்பொங்கல் தட்டோடு பக்கத்தில் நின்றிருந்தார். "இந்தப் பொங்கல் மாதிரி சார்!" என்று வாய் தவறிச் சொல்லிவிட்டாள்.

ராகவேந்திரன் பொங்கலை ஸ்பூனால் குத்தினார். ஸ்பூன் நின்றது. தட்டைச் சாய்த்தார். பொங்கல் மெதுவாக நகர்ந்தது. இருபத்தாறு வருஷமாக வகைப்படுத்தாத ஒரு பொருளைச் சாப்பிட்டு வந்திருக்கிறோம் என்று அவர் முகம் வெளிறிவிட்டது.

மறுநாளே பொங்கல் நிலை ஆய்வுக் குழு அமைக்கப்பட்டது. ஒன்பது உறுப்பினர்கள். தட்டில் வைப்பதால் திடம் என்றது கனிமப் பிரிவு. நெய் வழிவதைச் சுட்டிக்காட்டித் தன் உரிமையை நிலைநாட்டியது நீர்ப் பிரிவு. மிளகு யாரைச் சேரும் என்பதில் ஒரு முழுப் பிற்பகல் போயிற்று. களப்பணியின் பொருட்டுக் குழு தினமும் இரண்டு தட்டு பொங்கல் சாப்பிட்டது.

குல்ஷன் பெரிய இடத்தில் அலைந்து, 'விரைந்து முடிக்கவும்' என்று மேலதிகாரியிடம் ஒரு கடிதம் வாங்கி வந்தாள். குழு இன்னும் இறுகிவிட்டது. கடிதத்தைப் பரிசீலிக்க ஓர் உபகுழு போட்டார்கள்.

புதன்கிழமை மாலை ஒரு சுற்றறிக்கை வந்தது. 'மேற்படி பொங்கல் குறித்து இறுதி முடிவு எட்டப்படும் வரை, அதனைத் திடப்பொருளாகவோ திரவப்பொருளாகவோ எவரும் கருதலாகாது.'

கேன்டீன் பெஞ்சில் உட்கார்ந்து குல்ஷன் அழுதேவிட்டாள்.

"இன்னாம்மா, அழுதுக்கினு கீற?"

"நாளன்னிக்குக் கப்பல், அண்ணே. இவங்க அசையவே மாட்டேங்கிறாங்க."

வெள்ளைத்துரை சுற்றறிக்கையை இரண்டு தரம் படித்தார். "சர்க்குலர்னா சர்க்குலர்தாம்மா. நாளைக்கு அப்படியே நடந்துக்கறேன்" என்றார்.

வியாழக்கிழமை காலை கேன்டீனிலிருந்து வாசனை மட்டும் வந்தது.

"பொங்கல் எங்கேப்பா?" என்று கேட்டார் ராகவேந்திரன்.

"அண்டாவுல கீது சார். தட்டுல வச்சா திடம்னு ஆயிடும். டம்ளர்ல ஊத்துனா திரவம். ரெண்டும் கூடாதுன்னு நீங்கதான சார் சொல்லிக்கீறீங்க."

"வாழை இலையிலே வையேன்!"

"அதுக்குத் தனியா சர்க்குலர் வேணும் சார்."

பத்து மணிக்குக் கீழ்த்தளத்தில் பியூன்கள் முணுமுணுத்தார்கள். பத்தரைக்கு டைப்பிஸ்டுகள் எழுந்து நின்றார்கள். பதினொன்றுக்கு எழுத்தர்கள் கூட்டமாக மாடிப்படி ஏறினார்கள். நாற்காலியோடு நாற்காலி இடித்துக்கொண்டு இருபது வருஷமாக அசையாமல் கிடந்த அலுவலகம், அடியிலிருந்து இளகி மேலே நகர்வதைக் குல்ஷன் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தாள். கவலையை மறந்து நோட்டில் குறிப்புக்கூட எடுத்தாள். பதினொன்றே காலுக்கு ஒன்பது கையெழுத்தோடு உத்தரவு வந்தது. 'பொங்கல் திடம். எரிமலையும் அவ்வாறே.'

அவள் கப்பலேறினாள், எரிமலையைப் பார்த்தாள், ஆனந்தமாகத் திரும்பி வந்தாள். டிசம்பரில் அது வெடித்துக் குழம்பைக் கக்கியது. திடப்பொருள் எவ்வாறு ஓடியது என்று விளக்கம் கேட்டு இயக்ககம் அவளுக்கு மெமோ அனுப்பியது.

குல்ஷனுக்கு வந்ததே கோபம்! பதினோரு பக்கத்துக்குப் பதில் எழுதினாள். எட்டு மாதம் சண்டை போட்டாள். கடைசியில் ஜெயித்தாள். புதுப் படிவத்தில் 'இரண்டும்' என்று மூன்றாவது கட்டம் அச்சாகி வந்தது.

அடுத்த செப்டம்பரில் மறுபடி அனுமதி கேட்டு அதே மேஜையின் முன் உட்கார்ந்தாள். தன் கட்டத்தைப் பெருமையோடு பார்த்தாள். அதன் கீழே பொடி எழுத்தில் ஒரு வரி இருந்தது. 'இக்கட்டத்தை நிரப்புவோர் கனிமப் பிரிவு, நீர்ப் பிரிவு ஆகிய இரண்டின் ஒப்புதலையும் குழுவின் பரிந்துரையையும் இணைக்கவும்.'

பேனா அந்தரத்தில் நின்றது. பிறகு பக்கத்துக் கட்டத்துக்குப் போய், 'திடம்' என்பதில் டிக் அடித்தது.

பொங்கல் தட்டோடு வந்த வெள்ளைத்துரை எட்டிப் பார்த்தார். "இன்னாம்மா இது? நீயே சண்டை போட்டு வாங்குன கட்டமாச்சே?"

"இந்த வருஷமும் கப்பல் வெள்ளிக்கிழமைதாண்ணே."

ராகவேந்திரன் படிவத்தை வாங்கிப் பார்த்து மனசாரச் சந்தோஷப்பட்டார். "நேரிலே போய்ப் பார்த்தப்புறம்தானே உங்களுக்கே புரிஞ்சிருக்கு!" என்றார்.