மணிக்கட்டுச் சுரங்கமும் பெண் பார்க்க வந்தவர்களும்

ஒரு பெண்ணைப் பற்றி ஊர் ஒரு முடிவுக்கு வந்துவிட்டால், அதை மாற்ற மருத்துவத்தாலும் முடியாது. என் வலது கையே சாட்சி.

சுனாமிக்கு அடுத்த வருஷம் நான் மரக்காணத்தில் ஒரு உப்புக் கம்பெனியில் பாக்கெட் போடும் வேலையில் இருந்தேன். இடது கையால் பாக்கெட்டைப் பிடித்து, வலது கையால் அதன் வாயை ஒட்டும் சீலிங் மெஷினை அழுத்த வேண்டும். நாள் முழுக்க அதேதான். (பிளஸ் டூ படித்தவள் என்பதால் வீட்டில் இதை ‘கம்பெனி வேலை’ என்று சொல்லிக்கொண்டார்கள்.) கொஞ்ச காலத்தில் பெருவிரலும் அடுத்த இரண்டு விரல்களும் மரத்துப் போக ஆரம்பித்தன. தூக்கத்தில் எழுந்து உட்கார்ந்து கையை உதறுவேன். அம்மா வாயு என்றாள். பக்கத்து வீட்டு அக்கா மந்திரிக்கச் சொன்னாள். உப்பளத்தில் மேஸ்திரியாக இருந்த அப்பா, “உப்புல வேலை செஞ்சா கை அப்படித்தான் இருக்கும்” என்று ஏதோ விருது கிடைத்த மாதிரி சொன்னார்.

பாண்டிச்சேரி டாக்டர்தான் விஷயத்தைச் சொன்னார். “மணிக்கட்டுல சுரங்கம் மாதிரி ஒரு பாதை இருக்கும்மா. அதுக்குள்ள போற நரம்பு நசுங்குது. மேல இருக்கிற பட்டையைக் கீறி விட்டுட்டா சரியாயிடும்.”

கைக்கு மட்டும் மரத்துப் போக ஊசி போட்டார்கள். “ஏற்கெனவே மரத்த கைதானே டாக்டர்” என்று நான் சொன்ன ஜோக்குக்கு அங்கே யாரும் சிரிக்கவில்லை. உள்ளங்கையின் அடியிலிருந்து மணிக்கட்டு வரை தையல் போட்டு, கையை நெஞ்சுக்கு மேலே தூக்கியே வைக்கணும், விரல்களை மடக்கி மடக்கி நீட்டணும் என்று சொல்லி அனுப்பினார்கள். நான் சொன்ன பேச்சு கேட்கிறவள். அதுதான் வினையாகிப் போனது.

தையல் பிரிப்பதற்குள் கீழ்புத்துப்பட்டிலிருந்து ஒரு மாப்பிள்ளை வீடு வருவதாகச் சேதி வந்தது. பையனுக்குத் துபாயில் வேலை, லீவு முடியப் போகிறது. தள்ளிப்போடவும் முடியாது.

“ஆபரேஷன்னு வாயைத் தொறக்காத. பொண்ணுக்குக் கை விளங்காதுன்னு எழுந்து போயிடுவாங்க” என்றாள் அம்மா. பெரிய கட்டைப் பிரித்துச் சின்னதாக ஒரு துணியைச் சுற்றி, அதன் மேல் பக்கத்து வீட்டு அக்காவின் அகலமான திருகு வளையலை மாட்டிவிட்டாள். நானும் கண்ணாடியில் பார்த்து, மகாராணி மாதிரி இருக்கிறது என்று பூரித்துப்போனேன். அந்த வயதில் எனக்கு மூளையும் கொஞ்சம் மரத்துத்தான் இருந்திருக்க வேண்டும்.

காபித் தட்டை அம்மாவே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டாள். நான் பாயில் உட்கார்ந்து, டாக்டர் சொன்னபடி கையைத் தோளுக்கு நேராகத் தூக்கி, விரல்களை மடக்கி நீட்டிக்கொண்டிருந்தேன். எதிரே இருந்த மாப்பிள்ளை திரும்பித் தன் பின்னால் பார்த்தார். அங்கே சுவர்தான் இருந்தது. தன்னைத்தான் கூப்பிடுகிறாள் என்று புரிந்ததும் வேர்த்துக் கொட்டியது அவருக்கு. அப்பா இருமினார். நான் தலைகுனிந்தபடி இன்னும் வேகமாகக் கூப்பிட்டேன்.

மாப்பிள்ளையின் அம்மா நல்ல மாதிரி. பெண்ணுக்கு வெட்கமே இல்லை என்பதைப் பெருந்தன்மையாக மறந்து, “இங்க வாம்மா” என்று பக்கத்தில் உட்காரவைத்து, ஆசையாக என் மணிக்கட்டைப் பிடித்து ஒரு அழுத்து அழுத்தினார். நான் போட்ட சத்தத்தில் தெரு நாய் குரைத்தது. வளையல் திருகு கழன்று விழ, துணியும் அவிழ்ந்து, தையல் பளிச்சென்று தெரிந்தது.

மணிக்கட்டில் தையலோடு இருக்கும் கல்யாண வயசுப் பெண்ணைப் பார்த்தால் யாருக்கும் நரம்பும் சுரங்கமும் ஞாபகத்துக்கு வராது.

“எதுக்கும்மா அறுத்துக்கிட்ட?” என்றார் அந்த அம்மா.

“இல்லைங்க, கைக்குள்ள ஒரு சுரங்கம் இருக்குது” என்று ஆரம்பித்தார் அப்பா. மேலே அவரை யாரும் பேசவிடவில்லை.

மாப்பிள்ளைதான் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, கண் கலங்க, “பையன் யாருன்னு சொல்லுங்க. உங்க அப்பாகிட்ட நான் பேசி சேர்த்து வைக்கிறேன்” என்றார்.

“பையன் எல்லாம் இல்லீங்க. சீலிங் மெஷினாலதான்” என்றேன்.

“பேரைச் சொல்லப் பயப்படுறீங்க. புரியுது” என்று கும்பிட்டுவிட்டுப் போய்விட்டார். அம்மா அடுப்படியில் உட்கார்ந்து அழுதாள். எனக்கும் அழுகை வந்தது. இனி எவன் வருவான் இந்த வீட்டுக்கு என்று நிஜமாகவே பயந்தேன்.

அந்த வாரமே, நான் யாருக்காகக் கையை அறுத்துக்கொண்டேன் என்று ஊரே ஆராய்ச்சியில் இறங்கியது. கடைசியில் எங்கள் கம்பெனியில் லாரி லோடு பார்த்த சேகர் தலையில் அது விழுந்தது. கை மரத்திருந்த நாட்களில் என் பாக்கெட் மூட்டைகளைத் தூக்கி வைத்த பாவம்தான் அவர் செய்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை வெளுத்த முகத்தோடு வீட்டு வாசலில் வந்து நின்றார்.

“ஏங்க, என்னாலதான்னு பேசிக்கிறாங்க. நான் உங்ககிட்ட சாப்டீங்களான்னுகூடக் கேட்டதில்லையே.”

“நீங்க காரணமில்லைங்க. இது நரம்பு ஆபரேஷன்” என்று ஆரம்பித்து, டாக்டர் சொன்னதை எல்லாம் சொன்னேன். முழுசாகக் கேட்ட முதல் ஆள் அவர்தான். கேட்டு முடித்துவிட்டுப் போகத் திரும்பினார். பிறகு, “சாப்டீங்களா?” என்றார்.

அடுத்த தையில் கல்யாணம். என் மாமியார் மட்டும் இன்றுவரை நரம்புக் கதையை நம்பவில்லை. எந்த விசேஷத்துக்குப் போனாலும் என் கையைத் திருப்பித் தழும்பைக் காட்டி, “எம்புள்ளைக்காக அறுத்துக்கிட்டவ” என்று பெருமையாகச் சொல்லுவார். நான் சுரங்கம் என்று வாயெடுத்தால், அவர் பிள்ளை என் காலை மிதிப்பார்.

போன வருஷம் இடது கையும் மரத்துப் போக ஆரம்பித்தது. அதே ஆபரேஷன்தான் என்றார்கள். வீட்டுக்கு வந்து சொன்னதும் என் வீட்டுக்காரர் முகம் வாடிவிட்டது. என் மேல் இத்தனை அக்கறையா என்று எனக்குக் கண்ணே கலங்கிவிட்டது.

“தாராளமா பண்ணிக்க” என்றார். “ஆனா அம்மா கேட்டா, இதுவும் எனக்காகத்தான்னு சொல்லிடு.”